ராக்கெட்டின் அடியில், இரண்டு மணிக்கு

விளாதிமிர் நகரம்,
ஞாயிறு, அக்டோபர் 1985

அன்பு மகள் இங்காவுக்கு, அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், விளாதிவஸ்தோக்கில் நீயும் மாப்பிள்ளை ரூஸ்லானும் குட்டி வேராவும் எங்களைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். தம்பி இல்யாவை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. அவனுடைய பயிற்சி முகாம் தாஷ்கெந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, இந்த மாதத்தோடு பயிற்சி முடிகிறது, அங்கே முடித்த பையன்களில் பாதிப் பேர் நம் நாட்டுக்குள்ளேயே ஏதாவது கிடங்குக்குக் காவலாகப் போகிறார்கள், மீதிப் பேர் ஆற்றைத் தாண்டி ஆப்கானிஸ்தானுக்குப் போகிறார்கள். பாதி என்பதும் என் ஊகம்தான். இத்தனை வருடம் புள்ளியியல் கற்பித்தவளுக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் யாரும் தரவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. உங்கள் மாடியில் இருக்கும் லெப்டினன்டின் மனைவி தாய்வீட்டுக்கு வந்தவள், செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுக்கிறேன். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் திறந்து எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

அப்பாவின் முட்டிவலி அப்படியேதான். தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு ஓடுகிறது, என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பின்பக்கத் திடலில் டிராக்டர்கள் டயர் இல்லாமல் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். டயரெல்லாம் எங்கே போகிறது என்றேன். "எங்க ஓடணுமோ அங்க ஓடுது" என்று சொல்லிவிட்டு சூப்பைக் குடித்தார். எங்கள் கல்லூரியை செப்டம்பர் முழுவதும் கூட்டுப்பண்ணையில் உருளைக்கிழங்கு தோண்ட அனுப்பினார்கள், என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. மாணவர்களும் நாங்களும் சேற்றில் மண்டியிட்டு எடுத்த கிழங்கு, லாரி வராமல் வயலோரத்தில் குவியலாக மழையில் கிடந்தது, அது நாற ஆரம்பித்ததும் எங்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு திட்டத்துக்கு மேலேயே அறுவடை என்று பத்திரிகையில் வந்தது. அந்தக் கணக்கு பொய்யும் இல்லை. தோண்டியதை எண்ணினார்கள், வீடு வந்து சேர்ந்ததை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நம் கட்டடத்தின் மூன்றாவது வாசலில் குடியிருந்தவர்களின் பையன் கோஸ்த்யாவை ஆகஸ்டில் துத்தநாகப் பெட்டியில் கொண்டுவந்தார்கள், உனக்கு எழுதவில்லை. பெட்டியைத் திறக்க விடவில்லை. எங்கே இறந்தான் என்று கல்லறைக் கல்லில் பொறிக்கவும் விடவில்லை. அவன் அம்மாவை இப்போது பால்கடை வரிசையில் எல்லோரும் முன்னால் விடுகிறார்கள், அவள் முன்னால் போகாமல் கடைசியிலேயே நிற்கிறாள்.

இனி நேற்று நடந்தது. எங்கள் தொழிற்சங்கக் குழுவின் கபிதோலினாவை உனக்கு நினைவிருக்கும், எதையாவது ஏற்பாடு செய்யாவிட்டால் தூக்கம் வராதவள். மாஸ்கோவில் மக்கள் பொருளாதாரச் சாதனைக் கண்காட்சியைப் பார்க்க ஒரு பஸ் பிடித்தாள். பயணத்தின் பெயர் அது. மாஸ்கோ கடைகளில் சாசேஜும் வெண்ணெயும் வாங்கத்தான் போகிறோம் என்பது டிரைவர் ஃபோமிச் உட்பட எல்லோருக்கும் தெரியும். இங்கே ஜூலையிலிருந்து சாசேஜைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் கல்விச் சுற்றுலா என்றால்தான் பஸ் கிடைக்கும், கல்விச் சுற்றுலா என்றால் வழியில் ஒரு சொற்பொழிவு இருக்க வேண்டும். அச்சடித்து வந்த உரை தயாராக இருந்தது, தலைப்பு நம் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் பாதுகாப்பு வலிமையும். கபிதோலினா என்னைக் கேட்டாள். இப்படிப்பட்டதற்கு நான் எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறவள் என்று உனக்குத் தெரியும், இந்த முறை உடனே சரி என்றேன், அவளே என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

காரணம் க்ளெப். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன், ஐஸ்கிரீம் கடையில் நின்று பரீட்சைக்கே தாமதமாக வந்தவன் என்று உங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஓர் அலுவலகத்தில் அவனுக்குப் பெரிய மேசை. இருபது வருடமாக நான் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போன வாரம் போன் செய்தேன். இல்யாவின் பெயரைச் சொன்னதுமே பேச்சை வெட்டினான். "போன்ல வேண்டாம் ரிம்மா. சனிக்கிழம சாயங்கால ரயில்ல ஒரு மாசம் ஓய்வுக்குத் தெற்கே போறேன். கண்காட்சியில அந்த ராக்கெட் நிக்குது பாரு, அதுக்கு அடியில ரெண்டு மணிக்கு வா. முகாம் பேரைத் துண்டுச் சீட்டில எழுதிக் கொண்டா, போதும்" என்றான். போதும் என்று அவன் சொன்ன விதத்தில் எனக்கு உயிர் வந்தது. அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அவன் போகலேன்னா அவன் எடத்துல இன்னொருத்தன் போவான். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். போய்க் கேளு" என்றார். பிறகு மாடத்திலிருந்து உப்பிலிட்ட காளான் ஜாடியை எடுத்துத் துடைத்து, வெறுங்கையோடு போகாதே என்று என் பக்கம் தள்ளிவைத்தார்.

விடியும் முன்பே புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டியதும் கபிதோலினா மைக்கைக் கையில் கொடுத்தாள். தேசிய வருமானம், எஃகு, நிலக்கரி, எல்லாவற்றிலும் உலகத்தில் நாம் எத்தனையாவது என்று வாசித்தேன். நமது கடற்படை இன்று எல்லாப் பெருங்கடல்களிலும் நிலைகொண்டிருக்கிறது என்ற இடம் வந்தபோது, கல்லூரிச் சமையலறையில் வேலை செய்யும் ஸினா பின்னாலிருந்து, "ரிம்மா பாவ்லொவ்னா, அந்தக் கப்பல்ல ஒண்ணு வர்ற வழியில நம்மூருக்கு ரெண்டு பெட்டி வெண்ணெய் இறக்கிட்டுப் போகச் சொல்லக் கூடாதா" என்றாள். ஃபோமிச் திரும்பாமலே, "நம்மூர்ல கடல் இல்லையே அக்கா" என்றார். "அது ஒண்ணுதான் கொறச்சல், கடல் இருந்தா மட்டும் தந்திருவாங்க பாரு" என்று இன்னொருத்தி. பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரூஸ்லானின் முகம் ஞாபகம் வந்தது. எந்தக் கடலில் இருக்கிறான் என்று உனக்கே சொல்லாமல் மாதக்கணக்கில் போய்விடுகிறானே. மீதி உரையை யாரும் கேட்கவில்லை, கபிதோலினா மட்டும் கடைசியில் கைதட்டினாள்.

கண்காட்சி வாசலில் பஸ் நின்றதுதான் தாமதம், ஆளுக்கொரு வலைப்பையை உருவிக்கொண்டு மெட்ரோ பக்கம் ஓடிவிட்டார்கள். "அஞ்சு மணிக்கு இங்க. பையோட வர்றவங்களுக்கு உள்ள எடம், மூட்டையோட வர்றவங்களுக்குக் கூரை மேல" என்று ஃபோமிச் கத்தியது யார் காதிலும் விழுந்திருக்காது. எனக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மெதுவாக உள்ளே நடந்தேன். தங்கப் பெண் சிலைகள் சுற்றி நிற்கும் அந்தப் பெரிய நீரூற்றைக் குளிருக்காக நிறுத்தி, பலகை அடித்து மூடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு சின்னத் துணிக்கடை, அதன் பக்கவாட்டில் மூடிய லாரி ஒன்று நின்றது, இரண்டு ஆட்கள் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள், கதவிலிருந்து ஒரு வரிசை வளர்ந்துகொண்டிருந்தது.

இங்கா, நான் நிற்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கடைசி ஆள் யார் என்று கேட்டு அவள் பின்னால் நின்ற பிறகுதான் என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். அவள் ர்யஸானிலிருந்து வந்தவள், தடித்த உருவம், இரண்டு தோளிலும் பை. "தெரியாது அக்கா. ஆனா லாரி பெருசா இருக்கு" என்றாள். முன்னால் ஒருவர் ஃபின்லாந்து பூட்ஸ் என்றார், இன்னொருவர் குடை என்றார். குடையென்றால் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பிறகு ஒரு பெண் மார்போடு ஒரு பொட்டலத்தை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மங்கோலிய ஒட்டகக் கம்பளிச்சட்டை, ஆண்களுக்கானது, கழுத்துவரை ஏறுவது. ஒன்பது வயதில் இல்யாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து நாம் எல்லோரும் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். ஜூனில் அவனைக் கூப்பிட்டபோது பருத்திச் சட்டையோடு போனான். எங்கே போனாலும் குளிர்காலம் வரத்தானே போகிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு நான் வரிசையை விட்டுப் போவதாக இல்லை.

யாரோ ஒரு பெரியவர் தானாகவே பொறுப்பெடுத்து எல்லோர் உள்ளங்கையிலும் பேனாவால் எண் எழுதினார். அவ்வப்போது எண்ணைக் கூப்பிடுவார், பதில் சொல்லாதவன் வரிசையில் இல்லை. நேரம் போனது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தபோது விற்பனைப் பெண் கதவைச் சாத்தி, சாப்பாட்டு இடைவேளை என்று அட்டை மாட்டினாள். ஒன்றிலிருந்து இரண்டு. ர்யஸான்காரி கதவைத் தட்டி, "பொண்ணே, எங்க வயிறும் வயிறுதான்" என்றாள். உள்ளேயிருந்து, "அப்ப நீயும் போய் சாப்பிடு, யாரு புடிச்சு வெச்சிருக்கா" என்று குரல் வந்தது. நான் கணக்குப் போட்டேன். இரண்டுக்குத் திறந்தால் சில நிமிடங்களில் என் முறை, அங்கிருந்து ராக்கெட்டுக்கு நடந்தால் பக்கம்தான், க்ளெப் ஜென்மத்தில் நேரத்துக்கு வந்தவன் இல்லை. மாணவர்கள் இப்படி ஒரு ஊகத்தைப் பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ர்யஸான்காரியிடம் என் இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி மெல்லக் கேட்டேன். எங்கே போறே என்றாள். ஒருவரைப் பார்க்க வேண்டும், மகன் விஷயம் என்றேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "நான் விடுவேன் அக்கா. அந்தப் பெரியவரு விட மாட்டாரு, காலையில ஒரு புள்ளத்தாச்சியவே வரிசையிலேர்ந்து எடுத்துட்டாரு" என்றாள். நான் நின்றேன்.

கதவு இரண்டுக்குத் திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே போய், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடினேன். அளவு ஐம்பத்துநாலுதான் மிச்சம், நம் இல்யாவைப் போல இரண்டு பேர் அதற்குள் போகலாம். ஒரு கையில் சட்டை, ஒரு கையில் காளான் ஜாடி. ராக்கெட் அடியில் யாரும் இல்லை, பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஐஸ்கிரீம் விற்கும் பெண்ணிடம் கேட்டேன். "தொப்பி வெச்ச ஆளா? நின்னாரு, ராக்கெட்டப் பாத்தாரு, கடியாரத்தப் பாத்தாரு, இந்தக் குளிருல ரெண்டு ஐஸ்கிரீம் தின்னாரு, போயிட்டாரு" என்றாள். இரண்டு என்றதும் அது க்ளெப்தான் என்று தெரிந்துவிட்டது. போன் பூத்தைத் தேடி அவன் வீட்டுக்கு அடித்தேன், மனைவி எடுத்து, ஸ்டேஷனுக்குப் போயிட்டாரே, ஒரு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க என்றாள். ஸ்டேஷனுக்கும் போனேன். நடைமேடையில் ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார், தெற்கே போகும் வண்டி எங்கே என்றேன், "தெக்கதான் போயிட்டிருக்கு" என்றார். அவர் கேலி செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பஸ் முழுவதும் சாசேஜ் வாசனையும் ஆரஞ்சு வாசனையும். ஸினாவுக்கு யானைப் படம் போட்ட இந்திய டீ நான்கு பாக்கெட் கிடைத்திருந்தது, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் நல்ல சந்தோஷம். கபிதோலினா என் காலடியில் இருந்த ஜாடியைப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுவந்து கொண்டுபோறீங்களே, காளானுக்கு மாஸ்கோவச் சுத்திக் காட்டினீங்களா" என்று திறந்துவிட்டாள், ரொட்டியும் சாசேஜும் வெட்டி எல்லோரும் தின்றார்கள், எனக்கும் கொடுத்தார்கள், தின்றேன். கண்காட்சி பார்த்ததாக எல்லோர் சார்பிலும் எழுதிக்கொள்கிறேன், சரிதானே என்று கேட்டாள். சரி சரி என்றார்கள். பிறகு என்னிடம், "நீங்க ஒருத்தராவது பாத்தீங்க. ராக்கெட் எப்படி இருந்துச்சு? ஆபீஸ்ல கேட்டா சொல்லணும்ல" என்றாள். பெரிதாக இருந்தது என்றேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிரித்து, கழுத்துப் பட்டையில் அளவைப் பார்த்தார். "அம்பத்துநாலா. பரவால்ல, வளர்ற பையன்" என்றார். பதினெட்டு முடிந்தவன் இனி எங்கே வளரப் போகிறான். இன்று காலையிலிருந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். க்ளெப் தங்கும் ஓய்வில்லத்தின் முகவரியை எப்படியாவது கண்டுபிடித்து நாளை தந்தி அடிக்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம், தந்தியில் எதை எழுதுவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. மதியத்திலிருந்து நான் ஒன்றையே யோசிக்கிறேன். பஸ்ஸில் வாசித்த அந்த உரையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. எஃகும் உண்மை, கப்பல்களும் உண்மை. அவ்வளவு பெரிய கணக்குக்கும் ஒரு கம்பளிச்சட்டைக்காகக் கால் தானாகத் திரும்பும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று என் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

வேராவின் இருமலைச் சும்மா விடாதே, கடல் காற்றில் தொப்பி இல்லாமல் வெளியே அனுப்பாதே. ரூஸ்லான் திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று கேட்காதே, சாப்பாடு போடு, தூங்கவிடு. மீன்முட்டை டின் அனுப்புவதை நிறுத்து, வழியில் பாதி காணாமல் போகிறது, அந்தக் காசுக்குக் குழந்தைக்குப் பழம் வாங்கு. இல்யாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுது, பதில் வராவிட்டாலும் பழைய முகவரிக்கே எழுது, உன் எழுத்தைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கடலுக்குப் போனவனைக் கடல் நல்லபடியாகத் திருப்பித் தரட்டும். அப்பா உன் நெற்றியில் முத்தமிடச் சொன்னார்.

அன்புடன்,
உன் அம்மா ரிம்மா

திங்கள், மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். வகுப்பு முடிந்து வந்தபோது தபால் பெட்டியில் இல்யாவின் கடிதம் இருந்தது. சின்னக் கடிதம். இனி ஊர்ப் பெயர் வேண்டாம், ராணுவத் தபால் எண் மட்டும் போட்டால் போதும், ஆற்றைத் தாண்டிவிட்டோம், இங்கே திராட்சை பெருவிரல் தடிமன், அம்மாவிடம் சொல்லுங்கள் கம்பளி எதுவும் அனுப்ப வேண்டாம், வெயில் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். மேலே எழுதியிருந்த தேதியை இரண்டு முறை பார்த்தேன். நான் மாஸ்கோ போவதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விட்டான். நான் க்ளெப்புக்குப் போன் செய்தபோதே இல்யா அங்கே இருந்திருக்கிறான். அப்படியானால் வரிசையில் நின்றதால் எதுவும் கெடவில்லை என்று அப்பா சொன்னார், ஆறுதலாகத்தான் சொன்னார். மலைப் பக்கம் ராத்திரியில் குளிரும் என்று கோஸ்த்யாவின் அம்மா ஒரு முறை சொல்லியிருந்தாள், அதனால் சட்டையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டர் பெண் எண்ணைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை என் பக்கமே தள்ளினாள். "இந்த எண்ணுக்குப் பொட்டலம் எடுக்கறதில்ல. கடிதம் மட்டும்தான் போகும்" என்றாள். பின்னால் நின்றவர்கள் யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்து அதை இல்யாவின் அலமாரியில் வைத்தேன். ரூஸ்லானுக்கு ஐம்பத்துநாலு சரியாக இருக்குமா என்று எழுது. வேண்டாம், எழுதாதே. இங்கேயே இருக்கட்டும்.